புகை வராத கரி

கோக் கரித் துண்டுகள் இரண்டை மோதினால் கணீரென்று எவர்சில்வர் தம்ளரைத் தட்டியது போலக் கேட்கும். கீழ்க்கட்டளையில் ஒரு பவுண்டரியில் இரும்பு உருக்கும் உலைக்கு என் அப்பாதான் பொறுப்பு. நாங்கள் அவரை அத்தா என்போம். லாரியில் வந்து இறங்கும் கோக்கை அப்படித் தட்டிப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வார். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு, தாரையும் வாயுவையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது கோக், அதனால்தான் புகையாது என்று எங்களுக்கும் விளக்கியிருந்தார். உலைக்கு ஆகாத பொடித்துண்டுகள் ஆட்களின் வீட்டுக்கு வரும். எங்கள் தெருவில் அதற்குக் ‘கல்கரி’ என்று பெயர். வாசலில் இரும்பு வாளி அடுப்பில் வெந்நீர் அதில்தான் காயும்.

நான் ஆறாவது படித்தபோது, இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு பெருமழையில், இரண்டு வயதுத் தம்பி யூசுப் இருமிக்கொண்டே இருந்தான். பிள்ளைக்குக் குளிர வேண்டாம், என் யூனிபாரமும் காயட்டும் என்று அம்மா கனன்ற வாளியை உள்ளே கொண்டுவந்து வைத்து, சாரல் அடிக்காமல் ஜன்னலையும் கதவையும் சாத்தினாள். விறகென்றால் ஒருநாளும் அப்படிச் செய்திருக்க மாட்டாள். எனக்குத் தலை வலித்தது. யூசுப்பின் இருமல் நின்றுவிட்டது; தூங்குகிறான், சூட்டுக்கு இருமல் அடங்கிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பவுண்டரிக்குள் தண்ணீர் புகுந்ததால் மதியமே திரும்பிய அத்தா, கதவைத் திறந்தவர், வாளியைப் பார்த்தார். யூசுப்பை வாரிக்கொண்டு மழையில் ஓடினார்; நாங்களும் பின்னால் ஓடினோம். அவன் கைகால் துவண்டு தொங்கின. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் அத்தா அம்மாவிடம் திரும்பினார்.

“இன்னா காரியம் பண்ணிக்கீறே நீ?”

“புகையே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் அம்மா. புகை வராவிட்டாலும், மூடிய அறையில் அந்தக் கரி கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கக்கும் என்று டாக்டர்தான் எங்களுக்கு விளக்கினார்.

யூசுப் பிழைத்துக்கொண்டான். பவுண்டரி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கோக் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. போன பெருநாளன்று, சாப்பிட்டு உட்கார்ந்திருக்கையில் அத்தா தானாகவே சொன்னார். அந்த மழைக்கு முந்தைய மாதம், உலை வாயில் குனிந்த அவருடைய கூட்டாளி ஒருவர், கண்ணுக்குத் தெரியாத அதே வாயுவில் சரிந்து இறந்துபோனாராம். “வூட்ல சொன்னா பயந்துடுவீங்கன்னு மறைச்சுட்டேன்.”

பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று இத்தனை வருடமாகத் தன்னையே ஏசிக்கொண்டிருந்த அம்மா, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இத்தனை வருஷம் நான் நிம்மதியா தூங்கியிருப்பேங்க.”