லைற்றை அடைத்தவன்

மல்லாவியில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்யும் அந்த மெலிந்த மனிதர் யாருடைய முகத்தையும் பார்த்துக் கதைக்கமாட்டார். எதிரில் நிற்பவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அன்று அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மாரி தொடங்கியதிலிருந்து என் காரின் முன் லைற்றுகளுக்குள் ஈரம் படிந்து, பொழுதுபட்டால் வீதியில் படுத்திருக்கும் மாடுகூடத் தெரிவதில்லை. தண்ணீர் எந்த வழியால் போகிறதென்று விளங்காமல், கண்ட இடமெல்லாம் சிலிக்கன் பசையை அப்பினேன். அன்று காலை பூசியது மூன்றாம் தடவை. அதன் பிறகும் கண்ணாடி உள்ளே வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

அவர் லைற்றைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினார்.

"இந்தக் காத்துப் போற ஓட்டையை ஆர் அடைச்சது?"

"நெடுங்கேணியிலை ஒரு ஆள் செய்தது," என்றேன்.

"விசரன். ஈரம் வெளியாலை போறதே இதாலைதான். இதை அடைச்சுப்போட்டு, ஏன் வேர்க்குதெண்டு கேக்கிறதோ?"

"ஓம், விசரன்தான்."

ஊசியால் பசையைக் கிண்டி முடிக்கும்வரை அந்த ஆளைத் திட்டிக்கொண்டேயிருந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். லைற்றைப் பூட்டி அரை மணித்தியாலம் எரியவிட்டதும் கண்ணாடி மெல்லத் தெளிந்தது.

புறப்படும்போது பெற்றோலில் நனைத்த துணியொன்றை நீட்டினார்.

"நகத்திலை ஒட்டியிருக்கிற சிலிக்கனைத் துடைச்சிட்டுப் போங்கோ."

அப்போதுதான் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். சிரித்துத் தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை.