எங்கள் ஜெபத்தில் ஒரு சீமை வீடு

எழுபதுகளின் தொடக்கத்தில் தேவிகுளம் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டராக இருந்தேன். ஒரு வருஷம் மழை ஓய்ந்ததும் இலை உலர்த்தும் புது மெஷின் ஒன்று சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அதைச் செய்த தொழிற்சாலையே பாகங்களைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரரையும் அனுப்பியிருந்தது. அவர் கூடவே நின்று வேலை செய்யும் பாக்கியத்தைக் கர்த்தர் எனக்குக் கொடுத்தார்.

வெள்ளைக்காரர் என்றால் துரை என்றுதான் அதுவரை நாங்கள் அறிந்திருந்தோம். துரை மெஷினைத் தொடமாட்டார், கைத்தடியால் காட்டுவார். இவரோ வந்த அன்றே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டார். வெளியே நீண்ட கையில் நான் ஸ்பேனரை வைத்தேன். என் நகக்கண்ணில் இருந்த அதே கறுப்புக் கிரீஸ் அவர் நகக்கண்ணிலும் இருந்தது. துரை என்று கூப்பிட்டால் தலையை ஆட்டுவார். தானும் ஃபிட்டர்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.

நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியவன். என் இங்கிலீஷ் தொழிற்சாலையில் பொறுக்கியது. மீதியைக் கையால் பேசிக்கொண்டோம். அவருடைய அப்பாவும் மெஷின் செய்த அதே சீமைத் தொழிற்சாலையில்தான் இருந்தாராம். மீசை முளைக்கும் முன்பே இவரும் உள்ளே போய்விட்டாராம். மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் டப்பா அடைக்கிற வேலை. பெண் ஒன்று, பையன் ஒன்று. அவர்கள் ஊரிலும் காலையில் ஆலைச் சங்கு ஊதும், ஊதினதும் தெருவே கிளம்பும் என்றார். பிறந்தது முதல் டீ குடித்தவர், தேயிலைச் செடியை இங்கே வந்துதான் பார்த்தார். ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்று, முகத்தைச் சுளித்துத் துப்பினார். கொழுந்து கிள்ளுகிற பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவர் பர்ஸில் ஒரு போட்டோ இருந்தது. கேட்டு வாங்கி, லயத்து வரிசையில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டு போனேன். வாசலில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பின்னால் ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள். என் மனைவி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, இதுவும் லயந்தானே? ஒரே கூரை, ஒரே சுவரு. நம்மள மாதிரித்தான் இருக்காக."

அன்றைக்கு எங்களுக்குக் கைக்குழந்தை இருந்தது. அதற்கு முன் பிறந்த இரண்டையும் கர்த்தர் நடக்கிற வயது வருமுன்னே எடுத்துக்கொண்டார். இது மூன்றாவது, பெண். இரவில் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள் தாய்க்காரி. ஞானஸ்நானம் ஆனதும் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைக்க நினைத்தோம். அதற்கு அந்த ஃபிட்டர் வரவேண்டும், பிள்ளைக்கு அவர்தான் ஜெபிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். வேதம் அவர்கள் தேசத்திலிருந்துதானே நமக்கு வந்தது, அவர் கேட்டால் ஆண்டவர் சீக்கிரம் காது கொடுப்பார் என்பது அவள் எண்ணம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கூப்பிட்டதும் வருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலையை வாரி, டை கட்டிக்கொண்டு லயத்துக்கு நடந்தே வந்தார். எங்கள் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. உபதேசியார் வேதம் வாசித்து முடித்தார். பாட்டு முடிந்தது. பிறகு எல்லாரும் வெள்ளைக்காரர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைக் காட்டி, ஜெபம் பண்ணுங்கள் என்றேன்.

அவர் காது சிவந்துவிட்டது. என் பக்கம் குனிந்து, தனக்கு ஜெபிக்கத் தெரியாது, கல்யாணத்துக்குப் பிறகு கோயில் பக்கமே போனதில்லை, மன்னித்துக்கொள் என்றார். அதை நான் எப்படிச் சபைக்குச் சொல்ல? மென்று விழுங்கிச் சொன்னேன்.

"வேதத்தக் கொண்டாந்து குடுத்தவுகளுக்கே மறந்து போச்சாக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. யாரோ சிரித்தார்கள். நான் என் மனைவியைப் பார்க்கவே பயந்தேன். எத்தனை நாளாக அவள் இதையே நம்பியிருந்தாள் என்று எனக்குத்தானே தெரியும்.

அவள் எழுந்து வந்தாள். பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

"ஏங்க, அவரு பொஞ்சாதி பேரு, பிள்ளைக பேரு என்னன்னு கேளுங்க. பிள்ளைய அவரு வச்சுக்கிரட்டும். ஜெபத்த நான் பண்ணுதேன்."

அந்தக் காலத்தில் ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் எங்கள் பெண்கள் வாய்விட்டு ஜெபித்து நான் கண்டதில்லை. உபதேசியாரைப் பார்த்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். அதுவே சம்மதம்.

முக்காட்டை இழுத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள். தன் பிள்ளையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டுச் சொன்ன அந்த மூன்று பெயர்களையும் தனக்கு வந்த உச்சரிப்பில் சொன்னாள். "ஆண்டவரே, இவரு பொஞ்சாதி அங்க தனியா ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு வேலைக்குப் போறா. சங்கு ஊதுனா ஓடுறா. எங்களத் தெரிஞ்ச உமக்கு அவளையும் தெரியும். அப்பன் திரும்பிப் போறவரைக்கும் அந்த வீட்டக் காத்துக்கொள்ளும்." கடைசியில்தான் தன் பிள்ளைக்கு வந்தாள். "இந்தப் பிள்ளைய எங்ககிட்டயே விட்டு வையும் ஆண்டவரே." அவ்வளவுதான். ஆமென் என்று லயமே சொன்னது. பக்கத்து வீட்டு அக்கா குரல்தான் உரக்கக் கேட்டது.

என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். உங்கள் வீட்டுக்காக ஜெபித்தாள் என்றேன். அவர் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்காமல் அப்படியே நின்றார். பிள்ளை அவருடைய டையைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. அப்புறம் எங்களோடு பாயில் உட்கார்ந்து, காரத்தில் மூக்கில் தண்ணீர் வழிய, கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டார்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் அவர் ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் அவரைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

பிள்ளை நடந்தது. பேசியது. பள்ளிக்கூடம் போனது. இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். எத்தனையோ பேர் எங்களுக்காக ஜெபித்திருப்பார்கள். ஆனாலும் அன்று லயத்தின் நடுவில் எழுந்து நின்ற என் மனைவியை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு நிமிர்கிறது. அவளுக்குப் பிறகுதான் எங்கள் சபைப் பெண்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள்.

சாயங்கால ஜெபத்தில் எங்கள் பிள்ளைகள் பெயருக்குப் பிறகு அந்த மூன்று சீமைப் பெயர்களையும் அவள் இன்னும் சொல்கிறாள். உச்சரிப்பு சரியோ என்னவோ. போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கேயும் விளக்கேற்றி ஜெபித்தார்கள். கடைசியில் மகள் அதே மூன்று பெயர்களைச் சொன்னாள், தாய் சொல்கிற அதே உச்சரிப்பில்.