கிரகணமும் கோழிமுட்டையும்

எங்கள் மகனின் இதயத்தசை சரியாக வளரவில்லை என்று டாக்குத்தர் சொன்னபோது, அதற்கான காரணத்தை மாமி எப்போதோ கண்டுபிடித்திருந்தார். நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது வந்த சூரிய கிரகணம்.

எங்கள் சல்லிக் கிராமத்தில் அன்று கதவு திறந்த வீடு கிடையாது. பிள்ளைத்தாய்ச்சிகள் கத்தியைத் தொடாமல் அறைக்குள் படுத்திருந்தார்கள். நானோ பட்டணத்துக்கு பஸ் ஏறி, சோதனை எழுத இருந்த மாணவிகளுக்குத் தவளை வெட்டிக் காட்டினேன். விலங்கியல் ரீச்சருக்கு என்ன கிரகணம் என்ற திமிர். அந்தத் திமிர் இன்றைக்கும் போகவில்லை.

"அண்டைக்குத் தவளையின்ர நெஞ்சைக் கீறினாய். இப்ப பார், பிள்ளையின்ர நெஞ்சில வந்து நிக்குது" என்றார் மாமி. எனக்கு உறைக்கவில்லை. மாமி வேறு என்ன சொல்வார்?

பால் குடிக்கும்போதே மகன் களைத்துவிடுவான். உதடு நீலம் பாரிக்கும், கைகால் சில்லிட்டுவிடும். என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினார். வேலையால் வந்ததும் சட்டைகூடக் கழற்றாமல் அவனை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்தபடி கதிரையில் இருப்பார். அந்தக் கைகளுக்குள்தான் அவன் போனான்.

அடக்கம் செய்து சில கிழமைகளின் பின் இவர் மெல்லக் கேட்டார்.

"கோவிக்காதையும். கிரகணத்தாலயோ?"

மாமி சொன்னால் விட்டுவிடலாம். இவரும் நம்பினால், பிள்ளையைத் தின்றவளாக அந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது?

வகுப்புக்கென்று அடைவைத்த முட்டைகளில் ஒன்றைக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக் கிண்ணத்தில் இளஞ்சூடான உப்புத் தண்ணீர் விட்டு, அதற்குள் பக்குவமாக உடைத்தேன். மஞ்சள் கருவின் மேலே சிவப்பாக ஒரு பொட்டு துடித்தது. இவர் குனிந்து பார்த்தார்.

"இதயமாகப் போற கலங்களுக்கு, அந்தச் சின்னஞ்சிறு உயிரணுக்களுக்கு, முதலில தாங்கள் ஆரெண்டே தெரியாது. கீழ இருக்கிற கல அடுக்குதான் 'நீங்கள் இதயமாகுங்கோ' எண்டு சேதி அனுப்புது. பக்கத்து அடுக்கு சொல்லாட்டி அதுகள் தசையாகாது. அந்தச் சேதியில எங்கயோ பிழைச்சிருக்கும். எல்லாம் பிள்ளைக்குள்ளயே நடக்கிற கதை. அது நடக்கேக்க வயித்தில பிள்ளை இருக்கிறதே எனக்கு வடிவாத் தெரியாது. கிரகணம் வரேக்க எனக்கு வயிறு தள்ளியிருந்ததெல்லோ. இதயம் அதுக்கு எவ்வளவோ முதலே உருவாகியிட்டுது."

"ஓம்" என்றார். முகத்தில் தெளிவு வந்ததைப் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கதைத்துக்கொண்டிருந்ததில் தண்ணீர் ஆறிவிட்டது. பொட்டின் துடிப்பு தளர்ந்து, நின்றது. இவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"சூடு ஆறினால் அப்பிடித்தான்" என்று கிண்ணத்தை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். நான் சலித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டு வந்தபோதும் அப்படியே இருந்தார். கிண்ணத்துக்குள் பொட்டு ஒருமுறை அசைந்தது. பிறகு இன்னொரு முறை.

குஞ்சின் இதயம் சூடு பட்டால் திரும்பத் துடிக்கும். வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கிண்ணத்தை எடுக்காமல் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

கிண்ணத்தை விடாமல் இவர் சொன்னார்:

"அவனையும் இப்பிடித்தானே பிடிச்சிருந்தனான்."