நமுத்துப் போன வலது பெட்டி

என் வீட்டு அலமாரியில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்கின்றன. ஒரே நாளில் பிறந்த இரட்டைகள்தாம். ஆனால் ஒன்றின் முகத்தில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது; மற்றதன் ஓட்டையைப் பசை தடவிய காகிதம் கெட்டியாக அடைத்திருக்கிறது. வருகிறவர்கள் எலி நுழையாமல் இருக்கவா என்று கேட்பார்கள். இல்லை, அது என் மனைவியின் அண்ணன் வேலை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தேன். மச்சான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குச் சத்தம் பார்க்கிறவர். லோடு கிளம்பும் முன் நாலு வெடியைப் பொட்டலில் கொளுத்துவார்கள். அவர் தலையாட்டினால்தான் வண்டி நகரும். அவர் காதுதான் கம்பெனியின் சொத்து என்று முதலாளியே சொன்னாராம். அதைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை அவர். ஆகவே, பாட்டுக் கேட்க, பாகங்களாக வாங்கி வீட்டில் நாமே பூட்டிக்கொள்கிற ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னதும், அந்தக் காதும் என்னோடு மதுரைக்குப் பஸ் ஏறியது.

கடையில் இரண்டு வகை இருந்தன. இரண்டுமே புத்தக அலமாரியில் அடங்குகிற அளவு. “ஒங்க வீட்ல புத்தகம் எங்கன இருக்கு?” என்று மச்சான் முதலிலேயே ஒரு கேள்வி போட்டார். ஒன்று ஓட்டை வைத்த பெட்டி, மற்றது முழுக்க மூடியது. ஓட்டை இருந்தால்தான் தபலாவின் கனமான சத்தம் நிறைவாக வரும் என்று எங்கோ படித்திருந்தேன். மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்ன மாப்ள சொல்றீக? இறுக்கிக் கட்டுனாத்தான் வெடி. ஓட்டை இருந்தா அதுக்குப் பேரு புஸ்வாணம்.”

கடைக்காரர் ஸ்பீக்கரின் இலக்கணத்தை விளக்கினார். மச்சான் அணுகுண்டின் இலக்கணத்தை விளக்கினார். கடையில் நின்றவர்கள் மச்சான் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நான் பிடித்த பிடியை விடாமல் ஓட்டை வைத்ததையே வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார். பலகைகளை ஒட்டினோம். பசை காயும்வரை விலகாதிருக்க, கையோடு கொண்டுவந்த சணலால் பெட்டிகளைச் சுற்று சுற்றென்று சுற்றினார். திரி வைப்பது ஒன்றுதான் பாக்கி. “அண்ணே, தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்கு” என்றாள் என் மனைவி.

சாயங்காலம் பாட்டைப் போட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. மச்சான் நடுவில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

“வலது பெட்டி நமுத்துப் போச்சு மாப்ள. அப்பவே சொன்னேன்ல? சத்தம் பூரா ஓட்டை வழியாப் போகுது.”

எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஆனால் கம்பெனியின் காதோடு யார் வாதாடுவது? காகிதத்தைப் பசையில் தோய்த்து வலது பெட்டியின் ஓட்டையை அவரே அடைத்தார். அப்போதும் அது நமுத்தே இருந்ததாம். பெட்டிகளை இடம் மாற்றி வைத்தேன். இடப்பக்கம் போன அடைத்த பெட்டி கணீரென்று பாடுகிறது, வலப்பக்கம் வந்தது நமுத்துவிட்டது என்றார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேறெது என்றாலும் கேலி செய்திருப்பேன். இது அவர் சோறு.

மச்சான் சுவிட்சைப் பார்க்க எழுந்து, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பியவர் அப்படியே நின்றார். மறுபடி பெட்டிகளைப் பார்த்தார். பிறகு சுவரை. சாமி முன்னால் தன்னைத்தானே சுற்றிக் கும்பிடுகிறவர் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றினார். வலது காதைப் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார்.

“மாப்ள, நமுத்தது பெட்டியில்ல.”

மனைவி பாட்டை நிறுத்தினாள்.

மறுநாள் அவரே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். நாங்கள் பயந்தபடி வேலை போகவில்லை. வானத்தில் பூவாய் விரிகிற பேன்சி வெடிகளுக்கு நிறம் பார்க்க மாற்றினார்கள். அடுத்த முறை வீட்டுக்கு வந்தவர், காப்பி கைக்கு வந்ததும், “கம்பெனிக்கே என் கண்ணுதான் சொத்துன்னு மொதலாளி சொல்லிட்டாக” என்றார். அன்று நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

இப்போதும் வருகிறார். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி, பெட்டிகளுக்கு இடது காதைக் கொடுத்து உட்காருகிறார். அந்தக் காகிதத்தைப் பிய்த்துவிடவா என்று பலமுறை கேட்டுவிட்டேன்.

“கெடக்கட்டும் மாப்ள. அடைச்ச பெட்டிதான் நல்லாக் கேக்குது.”

சத்தியமாகச் சொல்கிறேன், இப்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.