எதிரே ஆள் வேண்டும்

மூன்றாவது முறையாகக் கழுத்தில் தங்கப் பதக்கம் விழுந்தபோதும் ஃபுவாதினோவின் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அபியாவில் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கும் அவள், மாணவர் ஜூடோப் போட்டிகளில் மிக லேசான எடைப் பிரிவுக்காரி. சமோவாவில் அந்த எடைக்கு இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. பெயரைக் கூப்பிடுவார்கள், பாயில் போய் நிற்பாள், எதிரே யாரும் வரமாட்டார்கள், நடுவர் அவள் பக்கம் கையைத் தூக்குவார். அவ்வளவுதான்.

அவளை வளர்த்த பெரியம்மா லோசா, பதக்கங்களைச் சுவரில் மாட்டி வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினாள். பெரியம்மா மகன் பெனி சும்மா இருப்பானா?

"காத்தைத் தூக்கிப் போட்டியாமே! காத்துக்கு வலிச்சுதாடி?"

"போண்ணா!" என்று சிரித்துவிட்டாள். ஆனால் அதன்பிறகு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. பஸ்ஸில் முன்னால் நிற்பவளின் சட்டையைப் பார்த்தாலே எங்கே பிடிக்கலாம் என்று கை துறுதுறுத்தது. ஒருநாள் பயிற்சியாளர் தவிதாவிடம் போய் நின்றாள்.

"மாஸ்டர், அடுத்த தடவை என் பேரை மேல் பிரிவுல குடுங்க."

"அங்க சவாயித் தீவு மாசினா இருக்கா. உன்னைத் துணி மாதிரி உதறிடுவா."

"உதறட்டும். ஆளாவது இருக்காளே!"

"எடைக்கு எங்க போவ?"

"ஏத்திக்கிறேன் மாஸ்டர்."

சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, டின் மாட்டுக்கறி என்று வேளைக்கு இரண்டு தட்டு தின்றாள். தின்றதையெல்லாம் அந்தப் பரபரப்பே தின்று தீர்த்தது. போட்டியன்று காலை எடை பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் கொஞ்சம் வேணும்மா. நேரம் முடியப்போகுது."

பெனி இரண்டு இளநீரோடு ஓடிவந்தான். "குடிடி! வாந்தி வந்தாலும் வாயை மூடிக்க, எடை குறைஞ்சிடும்!"

குடித்தாள், ஏறினாள், முள் நகர்ந்தது.

முதல் ஆட்டமே மாசினாவோடு. அவளுடைய இடுப்பில் தான் ஏறியது மட்டும் ஃபுவாதினோவுக்குத் தெரிந்தது. அடுத்து கண்ணில் பட்டது கூரைத் தகரம். வயிற்றில் இளநீர் குலுங்கியது. தோற்றவர்களுக்கு வைத்த வெண்கல ஆட்டத்தில் ஓர் உள்ளூர்ப் பெண் இரண்டு முறை கவிழ்க்கப் பார்த்தாள். மூன்றாவது முறை இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். ஃபுவாதினோ மேலே படுத்து அமுக்கிக்கொண்டு, நடுவர் குரல் கொடுக்கும்வரை விடவேயில்லை. எழுந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

வீட்டில் பெரியம்மா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்பவும் தங்கம் வருமே, இதென்ன செம்பா?"

"வெண்கலம் பெரியம்மா."

"சர்ச்சுல கேட்டா நான் என்னத்தச் சொல்வேன்?"

"ஒருத்திகிட்ட தோத்தேன், ஒருத்திய ஜெயிச்சேன்னு சொல்லுங்க."

பெரியம்மா அந்தப் பதக்கத்தை மாட்டவில்லை. ஃபுவாதினோவும் கேட்கவில்லை. தோள்வலியில் தலைசீவக்கூட முடியாதபோதும் அவள் மனம் அந்த இடுப்பையே சுற்றிச் சுற்றி வந்தது. எப்படித் தூக்கினாள்? காலை எங்கே வைத்தாள்? சனிக்கிழமை வந்ததும் சவாயிக்குக் கப்பலேறி விசாரித்துக்கொண்டு போனாள். வீட்டுக்குப் பின்னால் மாசினா கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா! வாங்கினது போதலையா?"

"போதலை."

மாசினா கையைக் கழுவிக்கொண்டு புல்வெளிக்கு வந்தாள். அன்று ஃபுவாதினோ விழுந்ததற்குக் கணக்கில்லை. ஒரே ஒருமுறை மாசினாவின் முதுகும் புல்லில் பட்டது. கடைசிக் கப்பலின் சங்கு ஊதியபோதுதான் இருவருக்கும் நேரம் நினைவுக்கு வந்தது.