பத்து வருடம் உழைக்கும் பட்டன்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர் கணபதியில் நான் டிவி கேம் கடை வைத்திருந்தேன். கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில் பதினான்கு அங்குல டிவி இரண்டு, கேம் பெட்டி இரண்டு, பெட்டிக்கு இரண்டாக ஜாய்ஸ்டிக் நான்கு. ஜாய்ஸ்டிக் என்று பெயரே தவிர அதில் குச்சி எதுவும் கிடையாது. கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பட்டை. இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன், வலது பக்கம் வட்டமாக இரண்டு. ஆனால் ஊரே ஜாய்ஸ்டிக் என்றுதான் சொன்னது. என் நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

அதற்கு முன் ஆறு வருடம் மோட்டார் கம்பெனி ஒன்றில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே மெஷின் வந்தது. எங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்தோம். அதன் பிறகு யாரையும் கேட்காமல், யார் கூடவும் சேராமல் நானாகத் தொடங்கிய முதல் காரியம் இந்தக் கடை. காலை ஒன்பது மணிக்கு முன்னறைக் கதவைத் திறக்கும்போது எனக்கு இருந்த நிமிர்வு கம்பெனி வாசலில் ஒருநாளும் இருந்ததில்லை.

கம்பெனியிலிருந்து கூடவே வந்தது நோட்டு எழுதும் பழக்கம். நான்கு ஜாய்ஸ்டிக்குகளின் முதுகிலும் நகப்பூச்சால் ஒன்று முதல் நான்கு வரை புள்ளி வைத்தேன். எந்த நாள், எத்தனையாவது ஜாய்ஸ்டிக், எந்த இடத்தில் கெட்டது, என்ன செய்தேன் என்று நான்கு கட்டம். ஏப்ரலில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நோட்டின் பக்கங்கள் வேகமாக நிரம்பின.

ஜாய்ஸ்டிக் கெட்டுப்போவதுகூடப் பெரிய தொல்லை இல்லை. அரைகுறையாகக் கெடுவதுதான் தொல்லை. முழுக்கச் செத்துவிட்டால் எல்லோருக்கும் தெரியும், மாற்றிவிடலாம். பத்து முறை அழுத்தினால் எட்டு முறை வேலை செய்கிற பட்டன் இருக்கிறதே, அது தோற்றவனுக்குச் சாட்சி சொல்ல வந்த மாதிரி.

"ஏனுங்க்கா, பட்டன் அமுக்குனே, குதிக்கவே இல்லீங்க்கா. இந்த ஆட்டம் சேராது."

"தோத்தாங்கோளி. எனக்கு மட்டும் எப்புடிடா குதிச்சுது?"

"உன்றது நல்ல ஜாய்ஸ்டிக்குடா. மாத்திக் குடு, பாக்கலாம்."

மாற்றிக் கொடுத்தால் வென்றவன் தோற்பான். பிறகு அவன் அதே வழக்கைத் தொடங்குவான். அறைக்குள் ஆரம்பித்த பேச்சு வாசலுக்குப் போகும். வாசலில் இரண்டு கட்சியாகப் பிரியும். மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா மதியம் ஒரு மணி நேரம் படுப்பவர். தமக்குள் தெலுங்கு பேசும் குடும்பம். எங்களிடம் பேசும்போது எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுவார். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் படியிறங்கி வந்து, கதவு நிலையைப் பிடித்தபடி நின்று சொன்னார்.

"அம்மணி, புள்ளைங்க வெளையாடட்டுங்க, நானொண்ணும் சொல்லுல. ஆனா தெனமும் நம்ம வாசல்ல பஞ்சாயத்து நடக்குதுங்க. இசுகோலு தொறக்கற வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்துதுன்னா முன்னறையில கடை வேண்டாமுங்க. நீங்க குடியிருங்க, அதுக்குத் தடையில்ல."

பள்ளிக்கூடம் திறக்க ஐந்து வாரம் இருந்தது.

அன்று மாலை நோட்டை முதலிலிருந்து படித்தேன். கெட்டுப்போன விதங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, வயர் ஜாய்ஸ்டிக்குக்குள் நுழைகிற கழுத்தில் அறுந்துபோவது. விளையாடுகிறவர்கள் சும்மா உட்கார்ந்து ஆடுவதில்லை. திரையில் ஆள் பள்ளத்தைத் தாண்டும்போது இவர்களும் கையைத் தூக்கி இழுப்பார்கள். இரண்டு, பட்டனுக்கு அடியில் இருக்கிற மெல்லிய ரப்பர் குமிழ். அதன் வயிற்றில் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு இருக்கும். பட்டனை அழுத்தினால் அந்தப் பொட்டு கீழே தகட்டைத் தொட்டு மின்சாரத்தைச் சேர்க்கும். பொட்டு தேய்ந்தால் பட்டன் மந்தமாகும். அதுவரை நான் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். நோட்டின்படி அதன் ஆயுள் ஒன்றரை நாள்.

என் கணவர் பம்புசெட்டுக்கு கேஸ்கட் செய்கிற ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். நோட்டைப் பார்த்தவர் வயரைப் பற்றி எழுதியிருந்ததை ஒரே பார்வையில் தள்ளிவிட்டு ரப்பரில் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, இது பிஸ்கோத்து மாதிரி கெடக்குது. இதெல்லாம் ஒரு ரப்பரா? நாங்க செய்யறது கெணத்துக்குள்ள எரநூறு அடிக்குக் கீழ தண்ணியிலயே கெடக்குது, பத்து வருசம். நாஞ் செஞ்சு தாரேன்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் ஊரில் பொருள் நல்லது என்றால் கனமாக, கெட்டியாக இருக்கும் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. கிரைண்டரும் அப்படி, மோட்டாரும் அப்படி. அவர் மூன்று வாரம் வேலை முடிந்தபின் கம்பெனியிலேயே தங்கி, முதலாளியிடம் கேட்டு, ரப்பரை வார்க்கச் சின்னதாக ஒரு இரும்பு டை வெட்டினார். ரப்பரில் கார்பன் தூளைக் கூடுதலாகச் சேர்த்தால் குமிழ் முழுவதுமே மின்சாரம் கடத்தும், தனியாகப் பொட்டே தேவையில்லை என்று கணக்குப் போட்டார். மீட்டர் வைத்துப் பார்த்தோம். முள் நகர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு ஜாய்ஸ்டிக்கிலும் புதுக் குமிழ்களை மாட்டி மூடினோம்.

"இனி பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

மறுநாள் காலை கடை திறந்த அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பட்டன் அமுங்கவில்லை. அமுங்கும், ஆனால் இரண்டு கட்டை விரலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மூச்சைப் பிடித்து அழுத்த வேண்டும். அதற்குள் திரையில் ஓடுகிற ஆள் பள்ளத்தில் விழுந்து செத்திருப்பான். ஒருத்தன் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். லீவுக்கு வெள்ளகோவிலிலிருந்து சித்தி வீட்டுக்கு வந்திருந்த பையன் விரலை உதறிக்கொண்டே சொன்னான்:

"எங்க தோட்டத்து மோட்டாரு ஸ்டார்ட்டர் இருக்குதல்லங்க்கா, அதுல பச்சைப் பட்டன். அதுவே இதைவிட லேசுங்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், கடை என்னுடையதாக இல்லாமல் இருந்திருந்தால். அன்று வாசலில் நடந்த பஞ்சாயத்தில் கட்சியே இல்லை. எல்லோரும் சேர்ந்து கடைக்கு எதிராகப் பேசினார்கள். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருந்தது.

மாலையில் கணவர் வந்ததும் ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்து ஆடச் சொன்னேன். மூன்று நிமிடம் ஆடினார். கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார்.

"ஆனா கெட்டுப்போகுல பாத்தியா" என்றார்.

"ஆரும் அமுக்குலீன்னா பத்து வருசமென்னங்க, இருவது வருசங்கூடக் கெடாதுங்க."

அவர் கை கழுவப் போனார். பழைய குமிழ்களை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. நான்கு தீப்பெட்டிகளில் எண் எழுதி வைத்திருந்தேன். அவற்றையே திரும்ப மாட்டினேன்.

கடைக்கு வருகிறவர்களில் பையனாக இல்லாத ஆள் ஒருவர் இருந்தார். லேத்துப் பட்டறையில் இரும்பு கடையும் டர்னர். நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் காலையில் ஒரு மணி நேரம் ஆடுவார். கேம் பெட்டியில் தம் சொந்த ஜாய்ஸ்டிக்கைத்தான் மாட்டுவார். சிங்கப்பூரிலிருந்து அவர் அண்ணன் அனுப்பியது. மூன்று வருடமாகப் பழுதே இல்லை என்று அடிக்கடி சொல்வார். அதைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்க, அம்மணி. ஆனா நானும் பக்கத்துலயே இருப்பேனுங்க. ஒரு ஸ்குரூவு தொலைஞ்சாலும் எங்கண்ணனுக்குச் சிங்கப்பூருக்கு போன் போடோணும், அவங்கிட்டத் திட்டு வாங்கோணும்."

வெள்ளைத் துணி விரித்து, ஆறு ஸ்குரூவையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தேன். மேல் மூடியை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது வயர். எங்கள் ஜாய்ஸ்டிக்கில் வயர் ஓட்டை வழியாக நேராக உள்ளே வந்து தகட்டில் ஈயம் வைத்துச் சால்டர் ஆகியிருக்கும். வெளியே இழுத்தால் இழுப்பு அப்படியே சால்டருக்குப் போகும். இதில் வயர் உள்ளே வந்ததும் மூன்று சின்னத் தூண்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து, பிறகுதான் தகட்டுக்குப் போயிருந்தது. எவ்வளவு இழுத்தாலும் இழுப்பு தூண்களோடு நின்றுவிடும். ரப்பர் எங்களுடையதைவிட மென்மையாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கெட்டியாக இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கெட்டியாக இருந்தது, மற்ற இடமெல்லாம் இளகிக் கொடுத்தது.

"என்னுங்க, ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?" என்று டர்னர் பதறினார்.

"இல்லீங்கண்ணா. நா ஆறு வருசம் செஞ்ச வேலைதானுங்க இது."

அதுதான் உண்மை. காயில் சுற்றி முடித்ததும் வெளியே வரும் லீட் வயரை காயிலோடு சேர்த்துப் பருத்தி நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டி, மேலே வார்னிஷ் விடுவோம். இழுப்பு முடிச்சோடு நிற்க வேண்டும், இணைப்புக்குப் போகக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனையோ மோட்டாருக்கு அதைச் செய்த கை, ஏப்ரல் மாதம் முழுக்க அறுந்த வயரை அதே இடத்தில் திரும்பத் திரும்ப சால்டர் வைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நோட்டில் இதைத்தான் முதலில் எழுதினேன்.

பழுக்கக் காய்ச்சிய ஊசியால் எங்கள் ஜாய்ஸ்டிக் ஒவ்வொன்றின் அடி மூடியிலும், கழுத்துக்கு உள்பக்கமாக இரண்டு துளை போட்டேன். நூலை அதில் கோத்து வயரை இறுக்கிக் கட்டினேன். கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருத்தியிடமிருந்து ஒரு பாட்டில் மூடி அளவு வார்னிஷ் வாங்கி வந்து முடிச்சின் மேல் விட்டேன். ரப்பருக்குக் கணவரிடமே போக வேண்டியிருந்தது.

"அப்ப நா வெட்டுன டை வீணா?"

"வீணில்லீங்க. உங்க ரப்பர்லதானுங்க பொட்டு வெட்டப்போறோம். குமிழு பழசே இருக்கட்டும். பொட்டு மட்டும் உங்களுது. அமுக்கறது லேசா இருக்கும், தேயறதும் இருக்காதுங்க."

அவர் யோசித்தார். மறுநாள் கம்பெனியிலிருந்து வாஷர் வெட்டும் பஞ்ச் உளியும், தாள் மாதிரி மெல்லியதாக அடித்த அதே கார்பன் ரப்பரும் கொண்டுவந்தார். அந்தக் குமிழில் எந்தப் பசையும் பிடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மீன் தொட்டிக் கண்ணாடியை ஒட்டுகிற பசை மட்டும் பிடிக்கும் என்றும் தெரிந்திருந்தது. உக்கடத்தில் மீன் தொட்டி விற்கும் கடைக்குப் போய் ஒரு டியூப் வாங்கி வந்தார். ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம்.

கடையில் கொடுப்பதற்கு முன் சோதித்தோம். மூன்றாம் எண் ஜாய்ஸ்டிக்கை அதன் வயரால் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, கீழே இரண்டு கிலோ படிக்கல்லைக் கட்டினேன். ஐந்து கிலோ கட்டலாம் என்றார் அவர்.

"ஆடி நோம்பிக்கு ஊஞ்சலா கட்டறோம்? ரெண்டு போதுமுங்க."

காலையில் கல் அங்கேயே தொங்கியது. முடிச்சு அசையவில்லை. பட்டனை நான் சமைக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் நூறு நூறாக எண்ணி அழுத்தினேன். ஐயாயிரத்தில் நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தேன். பொட்டு அப்படியே இருந்தது.

மீதி இருந்த ஒன்பது நாளில் நோட்டில் வயர் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. பட்டன் பற்றி ஒரே ஒரு குறிப்பு: இரண்டாம் எண், வலது பட்டன், மந்தம். திறந்தால் உள்ளே மாங்காய்க்குத் தொட்ட உப்பும் மிளகாய்ப்பொடியும். ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். அன்றிலிருந்து தின்பண்டம் வாசலோடு சரி. சண்டை அடியோடு நின்றது என்று எழுதினால் பொய். தோற்றவன் முதலில் ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிப் பார்ப்பான், உதறுவான், அழுத்திப் பார்ப்பான். அது வேலை செய்யும். பிறகு "இன்னொரு ஆட்டம் போடலாமாடா" என்பான். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய நாள் மதியம் வீட்டுக்கார அம்மா படியிறங்கி வருவது கேட்டது. நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியதை நான்கு நாளாக மனத்துக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அவர் அறைக்குள் வந்து, ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிய டிவி ரிமோட்.

"சவுண்டு பட்டன் அமுங்கவே மாட்டேங்குதுங்க, அம்மணி. கடைக்காரன் புதுசு வாங்குங்கறான். நீங்க ஏதோ ரப்பர் பொட்டு ஒட்டறீங்களாமா, டர்னரு தம்பி வாசல்ல சொல்லிட்டுப் போச்சு."

உறையைக் கழற்றிப் பார்த்தேன். அதில் ஸ்குரூ இல்லை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்துத் திறந்தால் உள்ளே அதே குமிழ், அதே பொட்டு.

"செஞ்சு தாரேனுங்க. ஆனா முன்னறை…"

"முன்னறைக்கு என்னுங்க? இது எப்பக் கெடைக்குமுன்னு சொல்லுங்க."

"பசை காய ஒரு நா முழுசா ஆகுமுங்க."

"ஆகட்டும். எங்க போயிரப்போறீங்க" என்றபடி அவர் படியேறினார்.