கரி பூசினவன்தான் தண்ணி ஊத்தணும்

கிர்கிஸ்தான்ல டொக்மோக் ஊரு பஸ் டிப்போ கேண்டீன்ல, கையாலயே மாவை இழுத்து நூடுல்ஸ் போடுறவரு இஸ்மார். மாவை முறுக்கி மேசையில அடிக்கிற சத்தத்தை வெச்சே, மனுசன் கோவமா இருக்காரா இல்லையான்னு டிரைவருங்க சொல்லிடுவாங்க. அந்த வாரம் மேசை உடையாததுதான் பாக்கி.

காரணம் மெலிஸ். டிப்போ மெக்கானிக், கிர்கிஸ்காரன், இஸ்மாருக்குப் பழைய சிநேகிதன். வருஷா வருஷம் மார்ச்சுல வர்ற நவ்ரூஸ் புத்தாண்டு விழாவுல மேடையேறி 'துங்கான் வியாபாரி' வேஷம் கட்டுவான். கழுத்துல பூண்டு மாலை, கையில கள்ளத் தராசு, வாயில கொழகொழன்னு ஒரு கிர்கிஸ் பேச்சு. ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளும்.

இஸ்மார் துங்கான். எப்பவோ சீனாவுலேர்ந்து வந்து குடியேறி, ஊருக்கே காய்கறி போடுற முஸ்லிம் சனம் அவங்க. தராசுல ஏமாத்தித்தான் பொழைக்கிறாங்கன்னு ஒருத்தன் கூத்தடிப்பானாம், அவங்களும் முன்வரிசையில உக்காந்து கைதட்டணுமாம். தட்டலைன்னா, "இவனுக்கு நகைச்சுவை உணர்ச்சியே இல்லப்பா!"

இத்தனை வருஷமா இஸ்மாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. இந்த வருஷம் முடியல. மக ஜெய்னப் பள்ளிக்கூட டீச்சர். விழாவுல மைக் பிடிச்சு நிகழ்ச்சி நடத்துற வேலை அவளுக்குக் கிடைச்சிருந்தது. ஒத்திகையில அவ வாயைத் தொறந்ததுதான் தாமதம், பின்வரிசைப் பசங்க மெலிஸ் குரல்லயே இழுத்தானுங்க: "பூ...ண்டு என்ன வெல டீச்சர்?" ஹெட்மிஸ்ட்ரஸ் தனியாக் கூப்பிட்டு, "உனக்கு எதுக்கும்மா சங்கடம்? வேற ஆளைப் போட்டுக்கிறோம்"னுட்டாங்க. சிரிச்சவன் உக்காந்திருப்பான், சிரிப்புக்கு ஆளானவ எறங்கணும். நல்ல நியாயம்!

இஸ்மார் நேரா பட்டறைக்குப் போனாரு.

"மெலிஸ், இந்த வருஷம் அந்த வேஷம் வேணாம். நீ விட்டுட்டா எம் பொண்ணுக்கு மைக் திரும்பக் கிடைக்கும்."

"அட, என்ன பைக்கே!" மூத்தவங்களை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "ஊரு அதுக்குத்தானே வருது? நான் என்ன, உங்களைப் பிடிக்காமலா பண்றேன்?"

"பிடிச்சா ஒருமாதிரி, பிடிக்கலைன்னா ஒருமாதிரியா விழுது அடி?"

"சரி, ஒண்ணு கேக்குறேன். உங்க பையன் கல்யாணத்துல மாப்பிள்ளையோட அப்பன்னு உங்க மூஞ்சி பூரா கரி பூசினோமே! உங்க வழக்கம்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் ஒரு கை பூசினேன். நீங்க ஆட்டமா ஆடினீங்க. அன்னைக்கு வலிக்கல, இப்ப மட்டும் வலிக்குதாக்கும்?"

பஸ்ஸுக்கு அடியில படுத்திருந்த ஒருத்தன், "அப்படிக் கேளு!"ன்னான். பட்டறையே சிரிச்சது. இஸ்மார் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாரு.

வீட்டுக்கு வந்து கை கழுவுறப்பதான் பதில் வந்தது. அவங்க தெருவுல கரி பூசினவன் சும்மா நழுவ முடியாது. சாயங்காலம் வெந்நீரும் சோப்புமா வந்து, பூசின மூஞ்சியைத் தன் கையாலயே கழுவிவிட்டு, கூட உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அன்னைக்கு மெலிஸே கழுவிவிட்டான். காது மடிப்பு வரைக்கும் தேய்ச்சான்.

நவ்ரூஸ் அன்னைக்கு மெலிஸ் தராசைத் தூக்கிக்கிட்டு கொழகொழன்னு பேசிக்கிட்டிருந்தப்போ, இஸ்மார் மேடையேறினாரு. ஒரு கையில எண்ணெய்ல குழைச்ச சட்டிக்கரி, இன்னொரு கையில வெந்நீர்க் கெண்டி. மெலிஸோட ரெண்டு கன்னத்துலயும் அப்பினாரு.

"வருஷா வருஷம் எங்க மூஞ்சில பூசுறியே, ஒரு நாளாவது கழுவ வந்தியாடா?"

கூட்டம் எழுந்து நின்னு விசிலடிச்சது. "அடடே, இந்த வருஷம் ரெண்டு துங்கான்டோய்!"

"இது நாடகம் இல்லைங்க!" இஸ்மார் தொண்டை கிழியக் கத்தினாரு. அதுக்கு இன்னும் பெருசா சிரிச்சாங்க. அவரு சொந்தப் பேச்சே அவங்க காதுல வேஷமாத்தான் விழுந்தது.

மெலிஸ் மட்டும் சிரிக்கல.

மேடைக்குப் பின்னால வந்து தலையைக் குனிஞ்சு நின்னான். "பைக்கே, ஊத்துங்க. எண்ணெய்க் கரி, எரியுது."

"ஊத்துறேன். அதுக்கு முன்னாடி மேடையில போய், இது நாடகம் இல்ல, இனிமே இந்த வேஷமும் இல்லன்னு சொல்லிட்டு வா. நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீ சொன்னாத்தான் காதுல ஏறும்."

மெலிஸ் மேடையைப் பார்த்தான். அங்க வேற ஒரு பொண்ணு மைக் பிடிச்சு அடுத்த பாட்டைச் சொல்லிக்கிட்டிருந்தா. ஜெய்னப் கடைசி வரிசையில இருந்தா, கையை மடியில வெச்சுக்கிட்டு.

"இவ்வளோ கூட்டத்துலயா? அப்புறமா பேசிக்கலாம் பைக்கே..."

முணுமுணுத்துக்கிட்டே தெருக்குழாய்க்குப் போனான். மார்ச் மாசத்துப் பனித்தண்ணி. தேய்க்கத் தேய்க்கக் கரி கழுத்து வரைக்கும் பரவுச்சே தவிர, போகல. ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

இஸ்மார் அங்கயே நின்னாரு. வெந்நீரைக் கீழ கொட்டவும் இல்ல, அவனுக்கு ஊத்தவும் இல்ல.